எரிந்த இடத்தில் எந்தக் காடு முளைக்கிறது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த இதழில் கனடாவின் காட்டுத்தீ பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் வடக்கின் காடுகள் காலங்காலமாக எரிந்து எரிந்து முளைத்தவைதான், அதனால் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை என்று அது முடிந்த விதம் மனதை உறுத்தியது. எரிந்தது உண்மை. முளைத்ததும் உண்மை. முளைத்தது அதே காடுதானா என்பதைக் கட்டுரையாளர் கேட்கவில்லை.

2023 யூன் மாதத்தில் ஸ்காபரோவில் நாங்கள் யன்னல்களைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். கியூபெக் காடுகளின் புகை ரொறன்ரோவையும் தாண்டி நியூயோர்க் வரை போனது. அந்த ஆண்டு கனடாவில் எரிந்தது சுமார் 15 மில்லியன் ஹெக்டயர். ஆண்டுச் சராசரியைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. ஓகஸ்ட் மாதம் கனடாவின் வடக்கே யெலோநைஃப் நகரத்தில் இருந்த ஏறக்குறைய 20,000 பேரும் வெளியேற வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் காடுகளின் பழைய கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

அந்தக் கதை ஏரிகளின் அடிச்சேற்றில் கிடக்கிறது. பக்கத்தில் காடு எரிந்தால் கரித்துகள் பறந்து வந்து தண்ணீரில் விழும். மரங்களின் மகரந்தமும் அப்படியே. இரண்டும் சேற்றோடு படிந்து, படைமேல் படையாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கும். ஆய்வாளர்கள் நீண்ட குழாயை இறக்கிச் சேற்றைத் தூண் போல வெளியே எடுக்கிறார்கள். பிறகு அதை மெல்லிய துண்டுகளாக வெட்டி, உருப்பெருக்கியில் கரியையும் மகரந்தத்தையும் எண்ணுகிறார்கள். எப்போது எரிந்தது, அப்போது என்ன மரம் நின்றது என்று இரண்டுக்கும் ஒரே சேறு பதில் சொல்கிறது. எவ்வளவு பொறுமை வேண்டும்!

அலாஸ்காவின் ஏரிகள் சொல்வதைக் கேட்டால் முதலில் குழப்பமாக இருக்கும். பனியுகம் முடிந்த பிறகு அங்கே புல்வெளி போய்க் குட்டையான பேர்ச் புதர்கள் வந்தன, அப்புறம் பொப்லர், அப்புறம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வெள்ளை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் காலநிலை குளிர்ந்து ஈரமானபோது கறுப்பு ஸ்புரூஸ் பரவியது. குளிரும் ஈரமும் கூடினால் தீ குறையும் என்றுதானே நினைப்போம்? கூடியிருக்கிறது. காரணம் அந்த மரம்தான். அதன் கீழ்க்கிளைகள் நிலத்தைத் தொடுமளவு தாழ்ந்திருக்கும், உடம்பெல்லாம் பிசின். கீழே பற்றும் நெருப்பு ஏணியில் ஏறுவது போல உச்சிக்குப் போய்விடும். உச்சியில் காய்கள் பிசினால் மூடிக் காத்திருக்கும். சூட்டில் அவை விரிந்து, எரிந்த நிலத்தில் விதைகளைக் கொட்டும். நெருப்பை வரவழைத்து, அந்த நெருப்பிலேயே பிள்ளை பெறும் மரம். சைபீரியாவின் பெரும்பகுதியில் நிற்கும் லார்ச் அப்படி இல்லை. அது ஊசியிலைகளை ஆண்டுதோறும் உதிர்த்துவிடும்; அங்கே தீ பெரும்பாலும் தரையோடு ஓடும். ஆக, தீயின் போக்கை வெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

2013இல் வெளியான ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. ரயன் கெலி, ஃபெங் ஷெங் ஹூ உள்ளிட்டோர் அலாஸ்காவின் யூகொன் ஃபிளாற்ஸ் பகுதியில் 14 ஏரிகளின் சேற்றைப் படித்து, 10,000 ஆண்டுத் தீ வரலாற்றை எழுதினார்கள். சுமார் 1,000 முதல் 500 ஆண்டுகளுக்கு முன் வெப்பம் கூடிய ஒரு காலத்தில் தீ கடுமையாகியிருக்கிறது. ஆனால் கட்டுமீறிப் போகவில்லை. ஸ்புரூஸ் எரிந்த இடங்களை இலையுதிர் மரங்கள் பிடித்துக்கொண்டன. அவற்றின் ஈரமான இலைகள் எளிதில் பற்றுவதில்லை. காடு தானே தனக்குத் தடை போட்டிருக்கிறது, வேறு காடாக மாறுவதன் மூலம்.

கட்டுரையாளரின் நம்பிக்கைக்கு இதுதான் நல்ல ஆதாரம், இதை நான் மதிக்கிறேன். இன்றும் அது நடக்கிறது. 2004இல் அலாஸ்காவில் சுமார் 2.7 மில்லியன் ஹெக்டயர் எரிந்தபோது, பாசியும் மக்கும் ஆழமாகக் கருகிய இடங்களில் பேர்ச், ஆஸ்பென் என்ற இலையுதிர் மரங்கள் முளைத்தன. ஆனால் அதே 2013 ஆய்வுதான், கடைசிச் சில பத்தாண்டுகளில் எரிவது முந்தைய 10,000 ஆண்டுகளின் எல்லையைத் தாண்டிவிட்டது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 2007இல் அலாஸ்காவின் வடக்கே அனக்டுவுக் ஆற்றருகே மரமே இல்லாத துந்திரா நிலம் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர் எரிந்தது. அங்குள்ள ஏரிச் சேற்றில் முந்தைய 5,000 ஆண்டுகளில் அப்படி ஒரு தீயின் தடயமே இல்லை. 2014இல் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் எரிந்த இளங்காடுகள் சிலவற்றில், முந்தைய தீக்களுக்குத் தப்பி மண்ணுக்குள் இருந்த பழைய கரிமமும் எரிந்து வெளியேறியிருக்கிறது. ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் இடைவெளி குறைந்தால் ஸ்புரூஸ் காய்த்து முற்றவே நேரம் கிடைக்காது.

அப்புறம், பேர்ச்சும் ஆஸ்பெனும் வந்தால் போதாதா, பச்சையாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். கரிபூ மான்கள் குளிர்காலத்தில் முக்கியமாகத் தின்பது முதிர்ந்த ஸ்புரூஸ் காடுகளின் தரையில் பாசி போலப் படரும் லைக்கன். எரிந்தபின் அது திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். உதிர்ந்த இலைகள் மூடிய தரையில் அது நிலைப்பதே கடினம். அந்த மான்களை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழும் வடக்கின் பூர்வகுடிகளான டெனே மக்கள், இந்தக் காடு திரும்பி வந்துவிட்டது என்று சொல்வார்களா? அடுத்த பகுதியை எழுதும்போது கட்டுரையாளர் அவர்களிடமும் பேச வேண்டும் என்று தங்கள் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்காபரோ, கனடா