முதல் வாரம் டார்கெட் வேண்டாம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பயிற்சி லைன் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பதினாறு வருடம் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள் நான். இப்போது புதிதாக வரும் பெண்களுக்குத் தையல் பழக்குகிறேன்.

முதலில் ஊசியில் நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் ஓட்டச் சொல்வோம். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் மூன்றே நாளில் கோடு விலகாமல் ஓட்டினாள். அடுத்த வாரம் துணியைக் கொடுத்ததும் கை நடுங்கியது. பெடலை மிதித்தால் மெஷின் பாய்கிறது, பயந்து காலை எடுத்துவிடுகிறாள். ‘கவனம் இல்லை’ என்று சூப்பர்வைசர் நோட்டில் எழுதிவிட்டார். அவளோடு வந்த பெண்ணிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன். அன்று மதியமே பேச வைத்தோம். மறுநாளே கை நடுக்கம் நின்றுவிடவில்லை, பத்து நாள் பிடித்தது. இன்று டி-சர்ட்டுக்குக் கழுத்தில் ரிப் பட்டி வைப்பது அவள்தான்.

நான் பழகிய காலத்தில் லைன் முழுக்கக் கேட்கும்படி ஒருநாள் திட்டு வாங்கினேன். அப்புறம் பல மாதம் சந்தேகமே கேட்கவில்லை. தப்பாகத் தைத்த பீஸைக் கட்டுக்கு அடியில் செருகி வைப்பேன். அதெல்லாம் செக்கிங்கில் மாட்டி, பிரித்துத் தைக்கச் சொல்லி ஆல்ட்டராகத் திரும்பி வரும். திட்டினால் தப்பு குறையாது, ஒளிந்துகொள்ளும்.

1940-இல், உலகப் போர் நேரத்தில், தொழிற்சாலைகளுக்கு அவசரமாக ஆட்களைப் பழக்க அமெரிக்க அரசு ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. போருக்குப் பிறகு ஜப்பானும் அதை எடுத்துக்கொண்டது. வேலை கற்றுக்கொடுப்பதில் அது சொன்ன முதல் படியே, வந்தவரின் பதற்றத்தைத் தணிப்பதுதான். தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்றுக்கொடுக்கவில்லை என்று பொருள் என்றும் அதில் சொல்லிவைத்தார்கள். போர் அவசரத்திலேயே அதற்கு நேரம் ஒதுக்கினார்கள். ஷிப்மென்ட் அவசரத்தில் நம்மால் முடியாதா?

சூப்பர்வைசர்களைக் குறை சொல்லவில்லை. மேலிருந்து வரும் நெருக்கடியைத்தான் அவர்கள் கீழே இறக்குகிறார்கள். அவர்களுக்கும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

அடுத்த பேட்சுக்கு முதல் வாரம் இத்தனை பீஸ் தைக்க வேண்டும் என்று டார்கெட் போர்டில் எழுதாதீர்கள். ஒடியா, இந்தி பேசும் பழைய டெய்லர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அந்த நேரத்துக்கு அவருக்கும் சம்பளம் பிடிக்காமல். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பேச விடுங்கள். யாருக்காவது கை நடுங்கினால், நோட்டில் எழுதும் முன் சாப்பிட்டாளா, தூங்கினாளா, ஊரில் எல்லோரும் நலமா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சி லைனில் நிற்கும் ஒரு டெய்லர்