சுனைத் தண்ணீரைச் சோதிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளியங்கிரி மலை பற்றிய உங்கள் கட்டுரையில் பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஆண்டி சுனை எல்லாவற்றையும் 'மூலிகைத் தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். நானும் பதினோரு வருடமாக அப்படி நம்பித்தான் குடித்தேன். போன பங்குனியில் மலையிறங்கிய மூன்றாம் நாள், ஐந்து பேரில் மூவருக்கு வயிற்றுப்போக்கு. சுனைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வழியில் தின்ற சுண்டலாகவும் இருக்கலாம். ஆனால் இந்த முறை ஏறும்போது கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன்.

மலைக்கு விடுவது பிப்ரவரி முதல் மே வரை. சுனைகளில் நீர் சுண்டும் அதே மாதங்களில்தான் கூட்டம். பலரும் இரவில் ஏறுகிறார்கள், ஏறி இறங்க அரை நாளாவது ஆகிறது. வயிறு சும்மா இருக்குமா? டார்ச்சை அணைத்துவிட்டுப் பாறை மறைவில் ஒதுங்குகிறார்கள். மறைவான இடம் பெரும்பாலும் ஓடைப் பள்ளம்தான். ஒரு கோடை மழை போதும், அத்தனையும் தண்ணீரோடு சேர்ந்துவிடும். ஆண்டி சுனையிலோ ஒருவர் சோப்புப் போட்டுக் குளிக்கிறார், நாலடி தள்ளி இன்னொருவர் பாட்டிலில் பிடிக்கிறார்.

கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஜியார்டியா என்ற குடல் கிருமி தொற்றினால் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வயிறு கெடும், அதற்குள் மலையை மறந்திருப்போம். குளோரின் மாத்திரைக்குக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு கிருமி அசைவதில்லை. கொதிக்க வைத்தால் தீரும், ஆனால் காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது, மூட்டவும் வேண்டாம். நான் இப்போது அடிவாரத்திலிருந்தே மூன்று லிட்டர் சுமக்கிறேன். முட்டி வலிக்கிறது, வேறு வழியில்லை.

அடிவாரத்தில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல வேலை. அதோடு வாரம் ஒருமுறை சுனை நீரையும் சோதித்து, முடிவை அடிவாரப் பூண்டியில் பலகையில் எழுதி வைக்கலாம். 100 மில்லி குடிநீரில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆய்வகம் தூரமென்றால் எச்2எஸ் என்ற சோதனைக் குப்பி இருக்கிறது. தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக் கலப்பு இருக்கும் பட்சத்தில் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். பெரிய செலவில்லை.

நொய்யல் ஆறு பிறப்பதும் இந்த மலையில்தான். அதில் கலக்கும் திருப்பூர்ச் சாயத்தைப் பற்றி எவ்வளவோ பேசிவிட்டோம், பிறக்கிற இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்த சிவராத்திரிக்கு முன் 'தாராளமாகக் குடிக்கலாம்' என்ற வரிக்கு உங்கள் இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பேரூர், கோவை