எந்த நாள் என்று கேட்ட மிஸ்ஸுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வருஷம் பிளஸ் டூ முடித்த பாம்பன் பெண் நான். பெயர் போடவில்லை, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். ராத்திரியில் தூக்கம் போய், நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, காலையில் வகுப்பில் விழுந்து கிடந்த என்னைப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து நான் வெளியே வர யார் யார் என்ன செய்தார்கள் என்பது செய்தவர்களுக்கே முழுசாகத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் பெஞ்சுக்காரிக்கு. கவுன்சிலிங் அறைக்குப் போ, போ என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "எனக்குத் தலைவலி, மிஸ்ஸைப் பாக்கப் போறேன், நீ துணைக்கு வா" என்றாள். உள்ளே போனதும் "இவளுக்குத்தான் மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவிட்டாள். அன்றைக்கு அவளைக் கொல்லலாம் போல இருந்தது. இப்போது சொல்கிறேன், நன்றிடி.

அப்புறம் கவுன்சிலிங் மிஸ். வாரத்தில் ஒருநாள்தான் வருவார், பரமக்குடிப் பக்கத்துக்காரர், கடல் பாஷை ஒன்றும் தெரியாது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசிவிட்டார்: "நீ சொல்றது என்னோட இருக்கும். ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, யாராவது உன்னைத் துன்புறுத்துறாங்கன்னு தெரிஞ்சா, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்வேன். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் தெருவில் அந்தச் சத்தியத்துக்கு அரைநாள்தான் ஆயுசு. எதைச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று பிரித்துச் சொன்னதால்தான் நம்பிக்கை வந்தது.

அதுவரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பரீட்சைப் பயம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிளஸ் டூ பிள்ளைக்குக் கை நடுங்கினால் வேறு என்ன காரணம் தோன்றும்? மிஸ் மட்டும்தான் "எந்தெந்த நாள் வருது, ஒரு நோட்டுல குறிச்சிட்டு வா" என்றார். குறித்துக்கொண்டு போனேன். திங்கள், புதன், சனி. மறுபடி திங்கள், புதன், சனி.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்த நாள்ல கணக்கு டியூஷனா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் அது மிஸ், டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை திரும்பும் என்று சொன்னேன். சொல்லச் சொல்லவே எனக்கு விளங்கிவிட்டது. "ஏப்ரல், மே மாசம் எப்படி இருந்தே?" என்று அடுத்த கேள்வி. நன்றாகத் தூங்கியிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருந்தார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா போன படகை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கரையில் சிறை, கோர்ட்டு, வாய்தா. ஒருவழியாக விடுதலையாகி, கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து வேனில் ஊர் சேர்ந்தார். "அதான் அப்பா வந்துட்டாரே, இன்னும் என்ன?" என்று ஊரே கேட்டது. அவர் வந்துவிட்டார், பயம் போகவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மூன்று வருஷமாக யாரும் பேசாத அந்தப் பேச்சை அந்த அறையில்தான் முதல்முறை பேசினேன். மிஸ் ஆறுதல் சொல்லவில்லை, "அப்பா பத்திரமா வந்துடுவார்" என்றும் சொல்லவில்லை. அது அவர் கையில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

படபடப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டு. கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள், தொட்டுப் பார்க்க நான்கு, காதில் விழுகிற மூன்று சத்தம், இரண்டு வாசனை, நாக்கில் ஒரு ருசி என்று ஒவ்வொன்றாகச் சொல். ஐந்து பொருளுக்கு ஐஸ் பெட்டி, நைலான் வலை, காலண்டர், கொடியில் அப்பாவின் சட்டை, ஃபேன். வாசனைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? கருவாடு, டீசல். ருசிக்குத்தான் நடுராத்திரியில் எழுந்து ஊறுகாய் தேட வேண்டியிருந்தது.

அவர் இல்லாத ராத்திரிகளுக்காக நோட்டின் பின்னட்டையில் 14416 என்று எழுதிக் கொடுத்தார். டெலி மானஸ், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி கூப்பிட்டேன். எடுத்தவர் தமிழில், அவசரப்படுத்தாமல், விடிவதற்குள் எனக்குத் தூக்கம் வர வேண்டும் என்று தனக்கு ஒரு கட்டாயமும் இல்லாதவர் மாதிரிப் பேசினார். யாரென்று தெரியாது. அவருக்கும் நன்றி.

பேச்சோடு மருந்தும் வேண்டியிருக்கலாம், டாக்டரைப் பார்க்கலாம் என்று மிஸ் என்னிடம் கேட்டு, நான் சரி சொன்ன பிறகுதான் அம்மாவை வரச் சொன்னார். அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏர்வாடிக்குக் கொண்டுபோகச் சொல்றீங்களா?" எங்கள் கரையில் மனசு சரியில்லை என்றாலே அந்த ஊர்ப் பெயர்தான் வரும், திட்டுவதற்கும் அதுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் இறந்ததை அம்மா மறக்கவில்லை. யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே தடை போட்டிருக்கிறது என்று மிஸ் விளக்கிவிட்டு, "காய்ச்சலுக்கு ஓ.பி. சீட்டு போடுற மாதிரிதான்மா" என்றார். அப்பத்தா மந்திரித்துக் கயிறு கட்டுவேன் என்று நின்றதற்கும் அவர் சண்டைக்குப் போகவில்லை. கயிறும் கட்டுங்கள், மாத்திரையும் கொடுங்கள் என்றார். இரண்டும் நடந்தது.

அம்மாவுக்கு நன்றி சொல்லி முடியாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மண்டபம், உச்சிப்புளி வழியாகப் பஸ்ஸில் என்னோடு வந்தார். தெரிந்தவர்கள் ஏறினால் "பல்லு வலி" என்பார். என் பல்லைப் பற்றி ஊருக்கே கவலை வந்துவிட்டது. மனநலப் பிரிவு டாக்டர் அவசரமில்லாமல் கேட்டார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நன்றாக இருக்கிறது என்று நீயாக நிறுத்தாதே என்று அம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னார்.

அப்பா விஷயம் தெரிந்து ஒன்றும் பேசவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு கரைப் பக்கம் திரும்பும்போது டவர் கிடைத்த உடனே எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எடுத்தால் காசு போகும் என்று எடுக்க விட மாட்டார். இன்றைக்கும் அதே கதைதான்.

வாசல் பக்கம் எனக்கு இடம் மாற்றிக் கொடுத்து, ஏன் என்று வகுப்பில் யாருக்கும் சொல்லாத தமிழ் ஐயாவுக்கு நன்றி. கவுன்சிலிங் அறைக்குள் நான் இருக்கும்போதெல்லாம் அந்த வராந்தாவையே கூட்டிப் பெருக்கிக்கொண்டு, ஒருத்தரையும் எட்டிப்பார்க்க விடாத ஆயாம்மாவுக்கும் நன்றி. அந்த வராந்தா அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னால் இருந்ததில்லை.

தலைமை ஆசிரியருக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். கவுன்சிலிங் அறை ஆபீஸை ஒட்டியே இருக்கிறது. யார் உள்ளே போகிறார்கள் என்று ஃபீஸ் கட்ட நிற்பவர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். லைப்ரரிக்குப் பின்னால் உள்ள அறைக்கு மாற்றுவதாகப் பேச்சு என்று என் பெஞ்சுக்காரியின் தங்கை சொன்னாள். சீக்கிரம் மாற்றிக் கொடுங்கள், ஐயா. அங்கே ஃபேனும் ஓடும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி, பாம்பன்