அப்புவின் ஆபரேஷனுக்கு முன்னால்

களியக்காவிளை

மக்களே,

அப்புவுக்கு வியாழக்கிழமை குடலிறக்க ஆபரேஷன் என்றாய். அவனிடம் மூச்சு விடாமல், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப் போய்விடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாமே. அது வேண்டாம். நாகர்கோவிலில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த காலத்தில், ஏமாற்றிக் கூட்டி வந்த பிள்ளைகள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அலறியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி யாரையும் கிட்ட விடமாட்டாள். ஊசி கழற்றிய சிரிஞ்சையும் ஒரு பொம்மையையும் கையில் கொடுத்தேன். பொம்மையின் முட்டியில் திரும்பத் திரும்பக் குத்திவிட்டு, "சேட்டை பண்ணினல்லா, அதான்" என்றாள். தனக்குத் தண்டனை என்றே நினைத்திருக்கிறாள்! "ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டிச் சோறு ஊட்டினால் பிள்ளை வேறென்ன நினைக்கும்? நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவளிடம் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் கையை நீட்டினாள். அப்புவிடமும் இதை முதலில் சொல்லு.

ஐந்து வயதுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும். ரொம்ப முன்னாடியே சொன்னால் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள், அப்போது வலி தெரியாது, எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும், அதற்கும் மருந்து உண்டு என்று உள்ளதைச் சொல்லு. வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதே. அவனுடைய யானைப் பொம்மைக்கு அவனே கட்டுப் போடட்டும். மயக்கம் கொடுக்க முகத்தில் வைக்கிற மாஸ்க் ஒன்றை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, வீட்டிலேயே யானைக்கும் உனக்கும் வைத்து விளையாடட்டும். யானையைத் தியேட்டர் வரை கொண்டுபோகலாமா என்றும் கேள்.

சாப்பாட்டை ஆறு மணி நேரத்துக்கு முன்னாலும், தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலும் நிறுத்துவது வழக்கம். உங்கள் டாக்டர் சொல்லும் நேரத்தையே பின்பற்று. அந்த நேரத்தில் அவன் எதிரில் யாரும் எதையும் கொறிக்க வேண்டாம்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பெற்றவர்கள் கூட இருக்கட்டும் என்று இங்கிலாந்தில் இதை ஆராய்ந்த பிளாட் கமிட்டி 1959-லேயே சொல்லிவிட்டது. மயக்கம் கொடுக்கும்வரை ஒருவர் உள்ளே வரலாமா என்று மயக்க டாக்டரிடம் கேட்டு வை. உனக்குக் கண் கலங்கும் என்று தோன்றினால் மருமகன் போகட்டும். நம் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை பயப்படுவான்.

மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் உன்னையே அடையாளம் தெரியாததுபோல் கத்தி உதறுவார்கள். பதறாதே, பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு, மெதுவாகப் பேர் சொல்லிப் பேசிக்கொண்டிரு. வீட்டுக்கு வந்தபின் ஒன்றிரண்டு வாரம் படுக்கையை நனைக்கலாம், ராத்திரி திடுக்கிட்டு எழலாம், உன் சேலையைப் பிடித்துக்கொண்டே அலையலாம். திட்டாதே. யானைக்குப் பத்துத் தடவை ஆபரேஷன் செய்தாலும் தடுக்காதே, பயம் அப்படித்தான் வெளியே வரும். அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை குழித்துறையில் ரயில் ஏறுகிறேன். நான் வந்தபிறகே அவனிடம் பேச்சை எடு, பக்கத்தில் இருக்கிறேன்.

அம்மா