இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள்: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பொதுத்துறை வங்கிக் கிளைகளில் மேலாளர்களாகப் பணியாற்றும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரிகளில் சேர்க்கை முடியும்வரை, உங்கள் அறை வாசலில் கல்விக் கடனுக்காக வந்து உட்காரும் பெற்றோரில் ஒருத்தி நான். என் மூத்த மகள் கடனில் படித்து முடித்து, வேலைக்குப் போய், மாதாமாதம் தவணை கட்டுகிறாள். இளையவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு கடனை வாங்கிய அனுபவம் இருப்பதால், தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்குக் கடன் தேவைப்பட்டாலும் என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். அப்படிப் போய் வந்ததில் மனதில் தேங்கிப்போன ஒரே ஒரு கோரிக்கையைத்தான் இங்கே வைக்கிறேன். கடன் தர முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, முத்திரை வைத்துக் கொடுங்கள்.

நான் கேட்பது புதிய சலுகை எதுவும் இல்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் பொதுத்துறை வங்கிகள் தங்கள் திட்டங்களை வகுத்திருக்கின்றன. 2001-இல் வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்ட திட்டம் அது. விண்ணப்பத்தின் மீது சாதாரணமாகப் பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், நிராகரிப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதலோடு நிராகரிக்க வேண்டும், காரணத்தை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கிளையில் இருக்கும் ஒருவர் வாய்வார்த்தையாக ஒரு பிள்ளையின் படிப்பை முடித்துவைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தார்கள்?

ஆனால் நான் உடன் போன வீடுகளில் ஒன்றுக்குக்கூட மறுப்பு எழுத்தில் வந்ததில்லை. எல்லாமே வாய்ப்பேச்சுதான். "இந்த வருஷ டார்கெட் முடிஞ்சிருச்சும்மா." "உங்க ஏரியாவுக்கு அந்த பிராஞ்ச்தான், அங்க போய்ப் பாருங்க." "வீட்டுக்காரருக்கு சிபில் சரியில்ல." "கவர்மென்ட் வேலையில இருக்கிற யாராவது ஜாமீன் போடுவாங்களா?" "முதல்ல ஒரு எஃப்.டி. போடுங்க, அப்புறம் பேசலாம்." இதில் எதையாவது உங்கள் கையெழுத்தோடு எழுதித் தர முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றை முடியாது. விதி இடம் தராத காரணங்கள் என்பதாலேயே அவை தாளுக்கு வருவதில்லை என்று நான் நினைக்கிறேன்.

வீடு இருக்கும் பகுதி கிளையின் எல்லைக்குள் வரவில்லை என்று சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஜாமீன் விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாலு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கட்டாயம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2015-இல் கல்விக் கடன்களுக்கென்று ஒன்றிய அரசு கடன் உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணையும் மூன்றாம் ஆள் ஜாமீனும் இல்லாமல் கொடுக்கும் கடன் வராக்கடனானால், அந்தத் தொகையில் 75 சதவீதத்துக்கு அந்த நிதி பொறுப்பேற்கிறது. அதாவது அரசு ஊழியர் ஒருவரைத் தேடி நாங்கள் அலைய வேண்டிய இடத்தில் அரசே வந்து நிற்கிறது. அப்படியிருந்தும், தினக்கூலிக்குப் போகும் ஒரு அப்பா, பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மச்சானின் வீட்டு வாசலில் போய், அவர் வாத்தியார் வேலையில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் கைகட்டி நிற்கிறார். அந்த மச்சான் முடியாது என்றதும், தன் மகள் படிக்காமல் போவதற்குத் தன் சொந்தபந்தம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். விதியில் இல்லாத ஒரு கேள்வி ஒரு குடும்பத்துக்குள் என்னவெல்லாம் செய்கிறது என்பது உங்கள் மேசையிலிருந்து பார்த்தால் தெரியாது.

சமீப காலமாக இன்னொரு காரணமும் காதில் விழுகிறது. "உங்க காலேஜ் லிஸ்ட்ல இல்லம்மா." 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னணியில் இருக்கும் கல்வி நிறுவனங்களுக்கானது, தொடக்கத்தில் அவை 860. அங்கே இடம் கிடைத்த பிள்ளைகளுக்குப் பிணையும் ஜாமீனும் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்களாக இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதற்கடுத்து, தவணை கட்டத் தேவையில்லாத சலுகைக் காலத்திலும் மூன்று சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரிக்கும் செவிலியர் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்கிற்கும். அவை அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். பட்டியலில் இல்லை என்றால் அந்தத் திட்டத்தின் சலுகை இல்லை, அவ்வளவுதான். பழைய மாதிரித் திட்டம் ரத்தாகவில்லை, உத்தரவாத நிதியும் அப்படியே இருக்கிறது. ஒரு திட்டத்தில் பெயர் இல்லாததைக் காட்டி எல்லாக் கடனுக்கும் கதவைச் சாத்துவது, தெரியாமல் நடக்கிறதா தெரிந்தே நடக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னால், எழுதும்போதே அந்தக் குழப்பம் வெளிவந்துவிடும்.

சிபில், அதாவது பழைய கடன்களை ஒருவர் எப்படிக் கட்டினார் என்பதை வைத்துப் போடும் கடன் மதிப்பெண் பற்றி. அம்மாவோ அப்பாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுவதால் அவர்களுடைய பழைய கடன்களைப் பார்க்கிறீர்கள். பார்ப்பது உங்கள் வேலை. ஆனால் எங்களைப் போன்ற வீடுகளில் அந்த மதிப்பெண் எப்படிக் குறைகிறது தெரியுமா? மகளிர் குழுக் கடனில் இரண்டு தவணை தள்ளிப்போயிருக்கும். தவணையில் வாங்கிய பைக்கை ஃபைனான்ஸ்காரன் எடுத்துப் போயிருப்பான். கல்விக் கடன் என்பது அந்தப் பிள்ளை படித்து, சம்பாதித்து, தானே அடைக்கப்போகும் கடன். பெற்றவரின் நேற்றை வைத்துப் பிள்ளையின் நாளையை அளக்கலாமா? சிபில் மதிப்பெண் குறைவு என்ற காரணத்துக்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வேறு மாநிலத் தீர்ப்புதான், இருந்தாலும் அந்த நியாயம் மாநில எல்லையோடு நின்றுவிடுவதா என்ன?

வாய்ப்பேச்சு மறுப்பைவிட என்னை அதிகம் உலுக்கியது கணினியில் வந்த ஒரு மறுப்பு. எங்கள் தெருக் கொத்தனார் ஒருவரின் மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் கிடைத்தது. கிளையில் கேட்டால் இணையத்தில் போடச் சொன்னார்கள். இணையத்தில் போட்டால் கிளைக்குப் போகச் சொன்னது. சேர்க்கைக் கடிதம், போனஃபைட், கட்டண விவரம், தாசில்தார் தந்த வருமானச் சான்று, பான் கார்டு, மதிப்பெண் பட்டியல் என்று எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்துக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு அந்த மனிதர் கிளைக்கு நடந்தார். ஒருநாள் இ-சேவை மையத்தில் அந்தப் பெண் விண்ணப்ப நிலையைப் பார்த்தபோது, நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது. காரணம் என்ற கட்டத்தில், விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை என்று போட்டிருந்தார்கள். "எனக்கா விருப்பமில்ல?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். எழுத்தில் காரணம் கொடுங்கள் என்று நான் கேட்பது, கட்டத்தை நிரப்ப ஏதோ ஒன்றைத் தட்டிவிடுங்கள் என்ற பொருளில் அல்ல. அந்த வரிக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் கல்லூரி காத்திருப்பதில்லை. கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்துவிடுகிறது. உங்கள் கிளையில் கடன் கிடைக்காவிட்டாலும், இல்லை என்ற பதில் சீக்கிரம் வந்தாலாவது அடுத்த வங்கிக்குப் போயிருப்பார்கள். "அடுத்த வாரம் வாங்க" என்ற பேச்சை நம்பி இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வாங்குகிறார்கள். ஆண்டுக்கு 36 சதவீதம். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-லிருந்தே இங்கே இருக்கிறது, வாங்குகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போவது உங்கள் வங்கியின் நகைக்கடன் பிரிவிலேயே நடக்கிறது. அந்தக் கடனுக்கு மட்டும் யாரும் அடுத்த வாரம் வரச் சொல்வதில்லை.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. ஒரு கிளையில் கடன் பார்க்க ஒரே ஒரு அதிகாரி, அவருக்கே விவசாயக் கடன், சுயஉதவிக் குழு, வீட்டுக் கடன் எல்லாம். கல்விக் கடன் வராக்கடனானால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும், நீங்கள் மாற்றலாகி எங்கே போயிருந்தாலும் தேடி வரும். படித்து முடித்த பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் தவணை நின்றுபோவதும் உண்மையே. ஆனால் கேட்டவர்கள் எத்தனை பேர், மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எதற்காக என்பது எழுத்தில் இருந்தால்தானே உங்கள் தலைமை அலுவலகத்துக்கு உங்கள் நிலைமையும் புரியும்? ஆள் போதாமல் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால் அதுவே பதிவாகட்டும். வாய்ப்பேச்சில் மறுக்கும்வரை, உங்கள் கிளையில் யாருமே கடன் கேட்கவில்லை என்றுதான் மேலே தெரியும்.

கடன் கொடுக்கும்போதும் தாளில் எழுதித் தர வேண்டியது ஒன்று இருக்கிறது. வட்டி. படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று சொல்கிறீர்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்று சொல்வதில்லை, சொன்னாலும் அவசரத்தில் எங்கள் காதில் விழுவதில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நாலு ஆண்டுக்கு நாலு லட்சம், கணக்குக்கு வசதியாகப் பத்து சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாவதற்கு நாலு, மூன்றாவதற்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. மொத்தம் 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. "நாலு லட்சம்தானே வாங்கினோம்" என்று எங்கள் வீட்டிலும் அன்றைக்குப் பதறினோம்.

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், தவணை கட்டத் தேவையில்லாத இந்தக் காலத்து வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் மானியத் திட்டம் 2009-இலிருந்து இருக்கிறது. அந்த மானியத்துக்கான கோரிக்கையை அரசுக்கு அனுப்ப வேண்டியது வங்கி. நாங்கள் கொடுத்த வருமானச் சான்று உங்கள் கோப்பிலேயே தூங்கி, உரிய நாளுக்குள் பதிவேறாமல் போனால், அந்த 1,40,000 ரூபாய் ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழும். சான்று வாங்கிக்கொண்டதற்கும் அது பதிவேறியதற்கும் ஒரு ஒப்புகைச் சீட்டு தாருங்கள். வட்டிக் கணக்கை, கடனின் முதல் பகுதியை விடுவிக்கும் நாளிலேயே தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். வரிந்து கட்டிக்கொண்டு காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அக்கறையில் பாதி இருந்தால் போதும்.

கடன் எல்லாருக்கும் கொடுத்தே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கீகாரமே இல்லாத கல்லூரிக்கு, வேலைக்கு உதவாத ஒரு படிப்புக்கு ஏழு லட்சம் கேட்டு வரும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு நீங்கள் சொல்லும் மறுப்பு நன்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அதையும் எழுதிக் கொடுங்கள்: இந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லை, அதனால் கடன் இல்லை என்று. அந்தத் தாளைப் பார்த்தால் அந்தக் குடும்பம் கல்லூரியையே மாற்றும். விதிப்படியான மறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்வோம். ஏற்க முடியாதபோது, அந்தத் தாளை வைத்துக்கொண்டு உங்கள் மண்டல அலுவலகத்துக்கு எழுதுவோம், முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம். கையில் தாள் இல்லாமல் போனால், "நாங்கள் மறுக்கவே இல்லையே" என்ற ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

வரும் கலந்தாய்வுக் காலத்திலிருந்தாவது இதைச் செய்யுங்கள். விண்ணப்பம் கைக்கு வந்த அன்றே எண்ணும் தேதியும் போட்ட சீட்டு ஒன்று. ஒரு மாதத்துக்குள் ஆம் அல்லது இல்லை. இல்லை என்றால் காரணம், எந்த விதியின்படி, ஒப்புதல் தந்த மேலதிகாரி யார், அவருடைய முகவரி என்ன. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். என் மகனுக்கான விண்ணப்பத்தோடு நானும் வருவேன், அந்தச் சீட்டைக் கேட்பேன்.

இப்படிக்கு,
கல்விக் கடனில் மகளைப் படிக்க வைத்த ஒரு தாய்