மதிப்பெண்ணுக்குக் கீழே கணக்கையும் எழுதுங்கள்: வீடியோ கேம் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். வாங்கும் உத்தேசமே இல்லாத கேம்களின் விமர்சனத்தைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிறவன் நான். ஆகவே இதை வசைக் கடிதம் என்று எண்ணிவிட வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை அள்ளி வீசுகிறீர்கள் என்று உங்களைத் தூற்றுகிற கூட்டத்தோடும் எனக்கு உறவில்லை. என் வழக்கு சிறியது. பத்துக்கு ஒன்பது என்கிறீர்கள், எட்டரை என்கிறீர்கள். எந்தக் கருவியில், எவ்வளவு நேரம் விளையாடிவிட்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். பார்த்த இடமெல்லாம் ஒன்பதும் ஒன்பதரையும் பெற்றிருந்த ஒரு பெரிய சாகச கேமைக் கன்சோலில், அதாவது தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவியில், விளையாட வாங்கினேன். சோபாவில் சாய்ந்துகொண்டு, எட்டடி தள்ளி இருக்கும் தொலைக்காட்சியில் ஆரம்பித்தேன். பொருள்களின் விவரம், வழியில் கிடைக்கும் கடிதங்கள், பணிக் குறிப்புகள் எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. எழுத்தைப் பெரிதாக்க வழியே இல்லை. கதையில் பாதி அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. எனவே ஒவ்வொரு முறையும் எழுந்து போய், திரைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து படித்துவிட்டுத் திரும்பினேன். அன்றிரவே பத்துப் பன்னிரண்டு விமர்சனங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லோரும் மேசையில், முகத்துக்கு இரண்டடி முன்னால் இருக்கும் கணினித் திரையில் விளையாடியிருப்பார்கள் என்பது என் ஊகம். எந்தக் கருவியில் விளையாடினோம் என்று எழுதியிருந்தவர்கள் இரண்டே பேர் என்பதால், ஊகிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை.

எழுத்து சிறியதாக இருந்ததற்கா இவ்வளவு ஆதங்கம் என்று கேட்பீர்கள். சரி, பெரிய உதாரணத்துக்கே வருகிறேன். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தபோது, வெளியீட்டுக்கு முன்பு உங்களுக்குத் தரப்பட்டது கணினிப் பிரதி மட்டுமே. கணினியில் அது சொக்க வைத்தது. மதிப்பெண்களும் அதற்கேற்பக் குவிந்தன. சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷன் 4-இல் அதே கேம் திணறித் திணறி நின்றது. வெளிவந்து ஒரு வாரம் கடந்ததும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்ப வைத்தது 2021 ஜூனில். கன்சோல் பிரதி எங்களுக்குத் தரப்படவில்லை என்று உங்களில் சிலர் நேர்மையாக எழுதியிருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியம் கட்டுரைக்குள் எங்கோ கிடந்தது. மதிப்பெண்ணோ தனியாகக் கிளம்பிப் போய், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான தீர்ப்பைப் போல உலா வந்தது. எண் எப்போதும் கட்டுரையை விட்டுவிட்டு முதலில் ஓடிவிடும். உங்களுக்கு இது தெரியாததல்ல.

இப்போது நேரக் கணக்கு. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பெயர் தெரியாத ஒருவர் 'அருமை' என்று ஒற்றைச் சொல்லில் விமர்சனம் எழுதினாலும், அவர் அந்த கேமை எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்பது பக்கத்திலேயே தானாக வந்து நிற்கிறது. மூன்று மணி நேரம் விளையாடியவரின் 'அருமை'யையும் முந்நூறு மணி நேரம் விளையாடியவரின் 'அருமை'யையும் நான் பிரித்துப் பார்த்துக்கொள்ள முடிகிறது. இரண்டாயிரம் சொற்களில், அழகான தமிழிலோ வேறு மொழியிலோ, தொழிலாகவே எழுதுகிற உங்களிடம் அந்த ஒரு தகவல் கிடைப்பதில்லை. இந்த முரண் உங்களை உறுத்தவில்லையா?

நெருக்கடி புரிகிறது. வெளியீட்டாளர் பிரதியை ஒரு வாரத்துக்கு முன்னால் அனுப்புவார். அதுவரை எதையும் வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு விலகும் நிமிடத்தில் எல்லோருடைய விமர்சனமும் ஒன்றாக வெளியாக வேண்டும். பெர்சோனா 5 மாதிரியான கேமோ நூறு மணி நேரத்தைத் தின்றுவிடும். தூங்காமல் விளையாடினாலும் முடியாது. முடிக்கவில்லை என்பதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நீங்கள் நினைக்கலாம். சோற்றுக்கு அது சரி. எண்பது மணி நேர கேமில் முதல் இருபது மணி நேரத்தில்தான் ஸ்டூடியோ தன் சரக்கையெல்லாம் இறக்கி வைத்திருக்கும். மூன்றாம் பாகத்தில் அதே குகை, அதே எதிரி, வேறு நிறம். 'நான் முப்பது மணி நேரத்தோடு நின்றுவிட்டேன்' என்றால், மீதியை நான் யூகித்துக்கொள்வேன்.

எந்தக் கடின நிலையில் விளையாடினீர்கள் என்பதையும் ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்க வந்தேன். அதற்கு எங்கள் பக்கமும் பழி உண்டு. 2017-இல் கப்ஹெட் கேமின் பயிற்சிக் கட்டத்திலேயே தடுமாறிய செய்தியாளர் ஒருவரின் காணொளியை வைத்து எத்தனை பேர் எத்தனை நாள் எள்ளி நகையாடினார்கள்! அதைப் பார்த்த பிறகு 'எளிய நிலையில் விளையாடினேன்' என்று யார் வாய் திறப்பார்? இருந்தாலும் திறங்கள். எளிய நிலையில் விளையாடுகிற வாசகர்களும் நிறைய இருக்கிறோம். நானும் அந்த வகைதான்.

மதிப்பெண்ணையே ஒழித்துவிடலாம் என்பவர்களோடு நான் சேரவில்லை. யூரோகேமர் என்ற விமர்சனத் தளம் 2015-இல் எண்களைக் கைவிட்டது, 2023-இல் நட்சத்திரங்களோடு திரும்பி வந்தது. அவசரத்தில் இருப்பவருக்கு ஓர் எண் தேவைதான். ஆனால் பத்துக்குப் பத்து என்ற அளவுகோலில் ஏழுக்குக் கீழே பாதி அறைகள் பூட்டியே கிடக்கின்றன. ஏழு என்றால் 'சுமார்', ஆறு என்றால் 'தொடாதே'. பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு ஒரு சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக் தளம், நெடுங்காலம் திரைப்படங்களுக்கு 61-லிருந்தே 'நல்லது' என்று பச்சை நிறம் காட்டியது. கேம்களுக்கு 75-ஐ எட்டினால்தான் பச்சை. உங்கள் எண்கள் ஊதியிருக்கின்றன என்பதை அந்த நிறமே ஒப்புக்கொண்டது. இதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை. 2007-இல் கேம்ஸ்பாட் தளத்தில், பெரிதாக விளம்பரம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கேமுக்கு ஆறு மதிப்பெண் எழுதியவரின் வேலையே போனது. குறைத்துப் போடுவதற்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

அந்த ஊதிப்போன எண்ணை நம்பிப் பிழைப்பு நடப்பதுதான் கொடுமை. 2010-இல் வந்த ஃபாலவுட்: நியூ வேகஸ் கேமை உருவாக்கிய ஒப்சிடியன் ஸ்டூடியோவுக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. ஒரே ஒரு புள்ளி! அந்தச் சராசரியில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் எவ்வளவு எடை என்பதை அந்தத் தளம் வெளியே சொல்வதில்லை. எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று தெரியாத ஒருவரின் எண்ணும், இன்னொருவரின் எண்ணும், தெரியாத எடையால் பெருக்கப்பட்டு யாரோ ஒருவரின் சம்பளக் கவரைத் தீர்மானிக்கின்றன.

எனக்குப் பிடித்த முறை ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் இருந்தது. நான்கு பேர், ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது. 1998-இல் ஜெல்டா வரிசையின் ஒகரினா ஆஃப் டைம்தான் முதன்முதலில் நாற்பதையும் அள்ளியது. அந்த நாற்பது என்னை ஈர்க்கவில்லை. ஒருவர் ஒன்பது போட்ட இடத்தில் இன்னொருவர் ஆறு போடுவது பக்கத்தில் பக்கத்தில் தெரியும் அல்லவா, அதுதான் ஈர்க்கிறது. சண்டை தெரிகிறது. சராசரி அந்தச் சண்டையை விழுங்கிவிடுகிறது.

இன்னொன்று: விமர்சனம் எழுதிய கேமே பிறகு மாறிவிடுகிறது. 2019-இல் கிராஷ் டீம் ரேசிங்கின் புதிய பதிப்பு வெளிவந்து நல்ல பெயர் வாங்கிய பிறகுதான், உண்மையான பணம் கொடுத்துப் பொருள் வாங்கும் வசதி அதற்குள் நுழைந்தது. விமர்சனங்கள் பழைய எண்ணோடு அப்படியே நின்றன. எந்தத் தேதியில், எந்தப் பதிப்பை விளையாடினீர்கள் என்று ஒரு வரி இருந்தால், ஓராண்டு கழித்துப் படிக்கிறவர் ஏமாற மாட்டார்.

நான் கேட்பது ஒரே ஒரு வரிதான். மதிப்பெண்ணை ஒட்டி, அதே அளவு எழுத்தில்: 'பிளேஸ்டேஷன் 5, தொலைக்காட்சியில். 31 மணி நேரம், எளிய நிலை. முடிக்கவில்லை. வெளியீட்டு நாளில் வந்த திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு. பிரதியை வெளியீட்டாளர் தந்தார்.' இதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? திரட்டுத் தளங்கள் எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனாலும், உங்கள் பக்கத்துக்கு வருகிறவருக்காவது அது கிடைக்கும்.

அடுத்த பெரிய கேமின் பிரதி ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்திருக்கலாம். அதில் கடிதங்கள் இருந்தால், ஒரு முறையாவது சோபாவுக்குப் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கன்சோல், தொலைக்காட்சி, 14 மணி நேரம், எளிய நிலை, சொந்தக் காசு, முடிக்கவில்லை:
உங்கள் வாசகன்