வரைபடத்தில் அழிக்க வேண்டிய 43 கிலோமீட்டர்

செடூனா, தென் ஆஸ்திரேலியா,
செப்டம்பர் 24

அன்பு நண்பனுக்கு,

நலம். முட்டிவலி தணிந்துவிட்டதாகத் தங்கச்சியிடம் சொல். குட்டி தேர்ச்சி பெற்ற செய்தி முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. என் வாழ்த்தையும் சேர்த்துச் சொல்லிவிடு.

இக்கடிதத்துக்குக் காரணம் வேறு. கைகூனாவிலிருந்து உனக்கு நான் அனுப்பிய செய்தி உண்மையல்ல. வளைவே இல்லாத அந்த 'நேர்ச்சாலையை முடித்துவிட்டேன்' என்று எழுதி, அங்குள்ள அறிவிப்புப் பலகையில் சைக்கிளைச் சாய்த்து எடுத்த படத்தையும் இணைத்திருந்தேன். நீ அதை வாத்தியார் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாய். அந்தச் சாலையின் கடைசி 48 கிலோமீட்டரை நான் மிதிக்கவில்லை. ஒரு காரில் ஏறி வந்தேன். பன்னிரண்டு நாட்களாக இது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நார்ஸ்மனிலிருந்து செடூனா வரை எயர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். இந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றே மிகுதி என்பதால்தான் மேற்கிலிருந்து கிழக்காகப் போவதென்று நாம் இருவரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம். பாலடோனியா வரைக்கும் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. அங்குள்ள சாலையோர விடுதியில், 1979இல் அந்த வட்டாரத்தில் விழுந்த ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் கதையைச் சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நீ உடன் இருந்திருந்தால் அரை நாள் அங்கேயே கழிந்திருக்கும்.

பாலடோனியாவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் 146.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாத அந்த நேர்ச்சாலை தொடங்குகிறது, கைகூனா அருகே முடிகிறது. நல்லார்பர் என்ற இந்தச் சமவெளியின் பெயருக்கு மரமில்லாத இடம் என்று பொருளாயினும், இந்தப் பகுதியில் இருபுறமும் குட்டை மரங்களும் புதர்களும் உண்டு. ஆனால் நிழலுக்கு ஒதுங்கலாமே தவிர, காற்றுக்கு ஒதுங்க இயலாது. அன்று காலையில் காற்று திசைமாறி நேர் எதிரே நின்றது. மணிக்கு இருபது கிலோமீட்டர் ஓடிய வண்டி எட்டுக்கு இறங்கியது. வளைவு இருந்தால் காற்று விலாவுக்காவது மாறும். இங்கே அதற்கும் வழியில்லை. முப்பது மீட்டருக்கும் நீளமான ரோட் ட்ரெயின் லாரிகள் எதிரே வந்து கடக்கும்போதெல்லாம் காற்று சுவர்போல் மோதியது. ஒவ்வொரு முறையும் சரளையில் இறங்கி, ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து நின்று, மறுபடியும் ஏறினேன். ஓரிடத்தில் சாலையே பறக்கும் மருத்துவர்களின் விமானம் அவசரத்துக்கு இறங்கும் ஓடுதளமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அந்த வெள்ளைப் பட்டைகளின் மேல் மிதித்துச் சென்றபோது, இங்கே ஒருவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் வானத்திலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்பது முதன்முறையாக உறைத்தது.

இரண்டாம் நாள் பிற்பகலில் பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு ஓசை. செயின் பக்கத்துக் கம்பி ஒன்று சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அருகே முறிந்திருந்தது. மாற்றுக் கம்பிகள் நான்கு இருந்தன. ஆனால் அதை மாட்டுவதற்குக் கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை, கழற்றும் கருவி இல்லை. எடை குறையட்டும் என்று நான் எடுத்து வைத்துவிட்டு வந்ததும், வேண்டாமென்று நீ இரண்டு முறை எச்சரித்ததும் அப்போது நினைவுக்கு வந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நீ சொல்லிக் கொடுத்தபடியே முறிந்த கம்பிக்கு இருபுறமும் உள்ள எதிர்ப்பக்கத்துக் கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளைக் கால் திருகு கால் திருகாகத் தளர்த்திக் கோட்டம் எடுத்தேன். ரிம் முழுதாக நேராகவில்லை. பிரேக் கட்டையில் உரசாமல் சுற்றும் அளவுக்கு வந்தது. அதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பன்னிரண்டு லிட்டரில் மீதமிருந்த தண்ணீர் இரண்டு லிட்டர்.

அந்தக் கார் நின்றது அதன் பிறகுதான். பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு வந்த முதிய தம்பதியர், உதவி வேண்டுமா என்று கேட்டனர். தண்ணீர் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கலாம். கொடுத்திருப்பார்கள், இரவு புதரோரம் கூடாரம் போட்டுவிட்டு மறுநாள் கைகூனாவை அடைந்திருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாட்களாக என்னுடன் மல்லுக்கு நின்ற சாலை, கண்ணாடிக்கு வெளியே அரை மணி நேரத்தில் ஓடி முடிந்தது.

தனியாகப் போவதைப் பற்றி நீ என்னிடம் பலமுறை கேட்டாய். ஒவ்வொரு முறையும் அச்சமில்லை என்று சொன்னேன். அச்சம் இப்போதும் இல்லை. முடிவெடுப்பதுதான் பாரம். எங்கே படுப்பது, எவ்வளவு தண்ணீர் சுமப்பது, எப்போது நிறுத்துவது என்று நாள் முழுதும் ஒருவனே கேட்டு ஒருவனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'இன்னும் பத்து கிலோமீட்டர் போய்ப் பார்ப்போம்' என்று சொல்ல ஒரு குரல் பக்கத்தில் இருந்திருந்தால் அன்று நான் ஏறியிருக்க மாட்டேன். 1896இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டு வரை தன்னந்தனியாகச் சைக்கிளில் 31 நாட்களில் இதே சமவெளியைக் கடந்தார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அவருக்கு எதிரே தார்ச்சாலையும் இல்லை, நின்று விசாரிக்கக் காரும் இல்லை. அன்றிரவு அவர் நினைவே என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை மேற்கு நோக்கி ஐந்து கிலோமீட்டர் திரும்பிச் சென்றேன். அங்கே சுண்ணாம்புப் பாறையில் ஒரு துளை இருக்கிறது. காற்றழுத்தம் மாறுவதற்கேற்ப, அடியிலுள்ள குகைகள் அதன் வழியாக மூச்சை விடுகின்றன, இழுக்கின்றன. குனிந்து கையை நீட்டினேன். குளிர்ந்த காற்று உள்ளங்கையில் சீராக வந்து மோதியது. காற்று அப்போது மேற்கு நோக்கித்தான் வீசியது. ஏறிய இடத்துக்கு இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கிருந்து எதிர்க்காற்றில் ஒரு முழு நாள் மிதித்தால் கணக்கு நேராகிவிடும். வெகுநேரம் அந்தத் துளையருகே நின்றேன். சக்கரத்தில் ஒரு கம்பி இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு கைகூனாவுக்கே திரும்பினேன். அந்தப் படத்தை உனக்கு அனுப்பியது அதன் பிறகுதான்.

காக்கிள்பிடியில் எதிர்த்திசையில் தனியாக வந்த ஒரு பெண்மணியிடம் அந்தக் கருவி இருந்தது. நான் கோட்டம் எடுத்து முடியும்வரை சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டார். சக்கரத்தின் மறுபுறம் இன்னொரு மனிதரின் கை இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகவே அமைந்தது. நல்லார்பர் விடுதியைத் தாண்டி, ஹெட் ஆஃப் பைட் முனையில் செங்குத்துப் பாறைக்குக் கீழே தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளோடு மிதந்ததைப் பார்த்தேன். ஒரு குட்டி தாயின் முதுகின் மேல் ஏறி ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

வாத்தியாரிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு. அவர் வருந்துவார், ஆயினும் தெரியட்டும். உன் வீட்டுச் சுவரிலுள்ள வரைபடத்தில் நீ சிவப்பு மையில் இழுத்து வரும் கோட்டில், கைகூனாவுக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டரை விட்டுவிட்டு, அடுத்த 43 கிலோமீட்டரை அழித்துவிடு. அந்த ஐந்து கிலோமீட்டர், துளையிலிருந்து திரும்பும்போது எதிர்க்காற்றில் நான் மிதித்தது, அது இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்